கன்னிமேடு – 14: வருஷத்துக்கு ஒரு சேலை

சங்ககிரியைத் தாண்டித் திருச்செங்கோட்டு ரோட்டில் திரும்பியதும் வித்யா காரை ஓரங்கட்டினாள். எதிரே, மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில், அவளுடைய அண்ணன் கதிர்வேல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தான். ஃபிளெக்ஸை நேற்றுத்தான் கட்டியிருப்பார்கள் போலிருந்தது. கயிறுகூடப் புதிது.

'கொங்கு மண் ஈன்ற முதல் திரைத்தாரகை மிஸ் சந்திரவதனி நினைவுப் பெருவிழா' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எந்த மண்டபம், எத்தனை மணி என்பதெல்லாம் கொடுத்திருந்தார்கள். தாரகை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கதிர்வேலின் முழங்கைக்குக் கீழே, அவனுடைய போர்வெல் கம்பெனியின் செல் நம்பருக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு இருந்தாள்.

வித்யா இறங்கிப் போய்க் கிட்டத்தில் பார்த்தாள். முகம் அதே முகம்தான். ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, யாரடா நீ என்று கேட்கிற பார்வை. கழுத்துக்குக் கீழே இருந்தது வேறு யாருடைய உடம்போ. பட்டுச் சேலை, நெக்லஸ், கூப்பிய கை. நகைக்கடை விளம்பரம் எதிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அசல் படத்தின் நகல் வித்யாவின் கைப்பையில் இருந்தது. அதில் அந்தப் பெண் காற்சட்டை போட்டு, குதிரைமேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இடுப்பில் கத்தி செருகியிருந்தாள். அண்ணன் குதிரையை எடுத்துவிட்டான், கத்தியைப் பிடுங்கிவிட்டான், நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமத்தையும் அப்பிவிட்டான். வித்யா திரும்பி நடந்தாள். காரில் ஏறித் தண்ணீர் குடித்த பிறகும் வாயின் கசப்பு போகவில்லை.

இந்தக் கசப்பு போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் ஆரம்பித்தது. ஆடிப் பதினெட்டு நோம்பிக்குக் கன்னிக்குச் சாத்தவென்று ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அக்சிலியா வந்து பேச்சுக் கொடுத்தாள். அம்மாபேட்டைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேப்பரில் கதிர்வேலின் பேட்டியைப் படித்துவிட்டு, அவனிடம் பேசப் பிடிக்காமல், தங்கையை விசாரித்துத் தேடி வந்திருந்தாள். மிஸ் சந்திரவதனி தங்களுக்குத் தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண் என்று கதிர்வேல் பேட்டியில் அளந்திருந்தான். தூரமாவது, பங்காளியாவது. அக்சிலியாவின் அம்மா அந்தோணிமேரியைத் தாயில்லாப் பிள்ளையாகத் தூக்கி வளர்த்தவளே அந்த நடிகைதான். அவளுடைய சொந்தப் பெயர் சின்னாயி என்றும், இன்ன தோட்டத்தில் பிறந்தவள் என்றும் அக்சிலியா சொன்னதும் வித்யாவின் மடியிலிருந்த சேலை நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சேலையே சின்னாயிக்கு எடுத்ததுதான்.

வித்யா பிறந்த வீட்டின் கன்னிதெய்வம் சின்னாயி. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடும் வீடுகள் அந்தப் பக்கம் பல உண்டு. தோட்டத்து மேட்டில் ஒரு கல்லை நட்டு, ஆடி நோம்பி தவறாமல் பொங்கல் வைத்து, வீட்டில் பிறந்த பெண் ஒருத்தியின் கையால் புதுச்சேலை சாத்துவார்கள். சின்னாயியின் கதையைச் சோற்றோடு பிசைந்துதான் வித்யாவுக்கு ஊட்டியிருந்தார்கள். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போன இடத்தில் கூடாரம் போட்டு பயாஸ்கோப் காட்டினார்களாம். பெரியவர்கள் பேச்சை மீறி உள்ளே போய்ப் பார்த்த சின்னாயி, பயந்துபோய்க் காய்ச்சலில் விழுந்து போய்ச் சேர்ந்தாளாம். அதனால் இந்த வீட்டில் பிறந்த பெண்கள் சினிமாக் கொட்டகைப் படி ஏறக்கூடாது. ஏறினால் கன்னி பொறுக்க மாட்டாள்.

யாரும் ஏறவில்லை. கூடப் படித்தவர்கள் படம் பார்த்துவிட்டு வரும்வரை வித்யா சேலம் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் புருஷன் டிக்கெட்டோடு வந்து நின்றபோதும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பிறகு டி.வி. வந்தது, செல்போன் வந்தது, அதே பெண்கள் அதில் எல்லாப் படத்தையும் பார்த்துத் தள்ளினார்கள். கன்னியின் கோபம் கொட்டகை வாசலோடு நின்றுவிடும் போலிருக்கிறது.

அக்சிலியா சொன்ன கதையில் சின்னாயி சாகவே இல்லை. அந்தக் கூடாரக்காரர்களோடேயே ரயிலேறி மெட்ராஸ் போய்விட்டாள். அங்கே ஊமைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில், குதிரை ஏறப் பயப்படாத பெண் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுச் சுவர்மேல் நடந்து, மிரளுகிற காளையை அடக்கி வண்டியில் பூட்டி வளர்ந்தவளுக்குக் குதிரை ஒரு பொருட்டில்லை. சின்னாயி என்ற பெயர் மட்டும் கம்பெனிக்கு ஆகவில்லை. மிஸ் சந்திரவதனி ஆனாள். மதிலிலிருந்து குதித்தாள், வாள் சுழற்றினாள், ஒரு படத்தில் ராணி, ஒரு படத்தில் கொள்ளைக்காரி. வெயிலைக் கண்ணாடி வைத்துத் திருப்பி முகத்தில் அடித்துப் படம் பிடிப்பார்களாம். பூசின வெள்ளை மாவுக்கு அடியில் தோல் வெந்துபோகுமாம்.

பேச்சு யாருக்கும் கேட்காது என்பது அவளுக்குப் பெரிய சௌகரியமாக இருந்திருக்கிறது. கதாநாயகனின் மார்பில் சாய்ந்து உருகும்போது, வெங்காயம் தின்றுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்பாளாம். திரையில் அடுத்து வரும் எழுத்தில் 'பிராணநாதா' என்று போட்டுக்கொள்வார்கள். பேசும்படம் வந்தது, அந்தச் சௌகரியமும் போயிற்று. ராணி வாயைத் திறந்து 'ஏனுங்க மகாராசா' என்றதும் சவுண்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டும் வரவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாகச் சில வருஷம் நின்றாள், அப்புறம் அதற்கும் யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டு ஒட்டுத் தாழ்வாரத்தில் குடியிருந்து, தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். அவள் படங்களில் இன்று மிச்சமிருப்பது சில நிமிஷத் துண்டு ஒன்றுதான். மற்றவை தீப்பிடித்துப் போனது போக, மீதி ஃபிலிமைக் காய்ச்சி அதிலிருந்த வெள்ளியை எடுத்துவிட்டார்களாம்.

"ஆடிப் பதினெட்டு அன்னைக்கு மட்டும் சோறு சாப்பிட மாட்டாங்களாம்" என்றாள் அக்சிலியா. "'எங்க ஊர்ல எனக்குக் கோயில் கட்டிப் பொங்கல் வெக்கறாங்கடி, வயிறு நெறஞ்சிருச்சு'ன்னு சொல்லிட்டுச் சிரிப்பாங்களாம். வயசாகிப் புத்தி பெரண்டு போச்சுன்னு எங்கம்மா நெனச்சுக்கிட்டாங்க."

அந்தச் சிரிப்பு வித்யாவின் காதில் ஒரு வாரமாக நிற்கிறது.

தோட்டத்தில் பந்தல் போட்டுப் பங்காளிகள் நிறைந்திருந்தார்கள். முன்பெல்லாம் கன்னிமேடு வெறும் மண்மேடு, ஒரு வேம்பு, ஒரு கல். இப்போது கதிர்வேலின் கைங்கரியத்தில் கிரானைட் தரை, எவர்சில்வர் கதவு, டைல்ஸில் இரண்டு மயில். கதவுக்கு மேல் உபயதாரர் என்று அவன் பெயரைப் பொறித்தவர்கள் கன்னியின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள்.

வித்யா அவனைக் கார் ஷெட்டுப் பக்கம் கூப்பிட்டு, அக்சிலியா கொடுத்த குதிரைப் படத்தை எடுத்து நீட்டினாள். "நம்ம கன்னியாத்தாளும் இவங்களும் ஒருத்திதானுங்களா அண்ணா?"

அவன் திடுக்கிடுவான் என்று நினைத்திருந்தாள். அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் படத்தை அவள் பைக்குள்ளேயே திருப்பித் திணித்தான்.

"இதையெல்லாம் ஏன் அம்மிணி நோம்பியன்னைக்குத் தூக்கிட்டு வாரே? பெரியப்பன் எங்கிட்ட எப்பவோ சொல்லியாச்சு. கன்னி வேற, நடிகை வேறன்னு இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் மருவாதி."

அப்புறம் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சென்னையிலிருந்து பழைய சினிமா ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள், பொன்னாடை போடுகிறார்கள், உள்ளாட்சித் தேர்தலும் வரப்போகிறது. இந்தப் பக்கம் தை மாசம் கன்னிமேட்டுக்குக் கும்பாபிஷேகம். இத்தனை வருஷமும் சினிமாக்காரியைத்தான் கும்பிட்டோம் என்று பங்காளிகளுக்குத் தெரிந்தால் கும்பாபிஷேகம் நாறிவிடும். உயிரோடிருந்தவளைச் செத்ததாகச் சொல்லிக் கல் நட்டார்கள் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரிந்தால் விழா நாறிவிடும். ஆகையால் இரண்டு சின்னாயிகள். ஒருத்திக்குப் பொங்கல், ஒருத்திக்குப் பொன்னாடை, அந்தப் பொன்னாடையும் கதிர்வேலின் தோளுக்கு.

"அப்படின்னா கிருத்திகாவுக்கு எதுக்குங்கண்ணா இன்னைக்குப் பூக் கேக்கறீங்க?"

"அது சாமி காரியம்" என்றான் கதிர்வேல், முகத்தில் ஒரு பக்தியை வரவழைத்துக்கொண்டு.

கிருத்திகா அவனுடைய மகள். திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பழகி, சென்னையில் சினிமா எடிட்டிங் படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இரண்டு மாசமாக வீட்டில் நடந்த ரகளைக்கெல்லாம் முடிவாகத்தான், கன்னியிடம் பூக் கேட்டு அவள் சொல்படி நடப்பதென்று கதிர்வேல் அறிவித்திருந்தான். பெரிய மனசுக்காரன் என்று பங்காளிகள் மெச்சிக்கொண்டார்கள்.

கிருத்திகா மாடியறையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விழாவில் போட்டுக் காட்டச் சென்னைக்காரர்கள் அனுப்பியிருந்த படத்துண்டைச் சரிபார்க்கும் வேலையை அப்பா அவளிடம்தான் கொடுத்திருந்தான். சினிமாப் படிப்புக்குத் தடை போட்டவனே சினிமா வேலையையும் மகள் தலையில் கட்டியிருந்தான். அந்தச் சின்ன முரண்கூட அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"அத்தை, இதப் பாருங்க" என்று கிருத்திகா படத்தை மெதுவாக ஓடவிட்டாள்.

கோடு கோடாக விழுந்த வெளிச்சத்தில் ஒரு பெண் மண்டியிட்டு வானத்தைப் பார்த்து அழுதாள். தன் வீட்டுப் பெண் ஒருத்தியை வித்யா பார்த்தாள். அந்தத் தாடை, அந்தப் புருவம், எதிரே உட்கார்ந்திருக்கும் கிருத்திகாவின் முகத்தில் அப்படியே இருந்தன. அடுத்து எழுத்து வந்தது: 'இறைவா, என் குரல் கேட்கவில்லையா?'

"எழுத்துலதான் இறைவா. ஒதட்டப் பாருங்க. நான் நிறுத்தி நிறுத்தி எத்தனையோ தடவை பார்த்துட்டேன். 'கண்ணு எரியுதுங்க, போதுமுங்களா'ன்னு கேக்கறாங்க. அந்தக் கண்ணீர் நடிப்பே இல்லீங்கத்தை."

வித்யா இன்னொரு தடவை பார்த்தாள். போ, து, முங், களா. உதடு குவிந்து விரிந்தது பளிச்சென்று தெரிந்தது. யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கண்ணாடி வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கினாள்.  அந்தக் கணத்தில் வித்யாவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவள்தான் நம் கன்னி என்பதையும், கதிர்வேலுக்கு அது தெரியும் என்பதையும் அண்ணன் மகளிடம் சொல்லிவிட்டாள்.

கிருத்திகா லேப்டாப்பை மூடினாள். பிறகு, பூக் கேட்பதற்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் விசாரித்தாள்.

பெரியப்பா மயில்சாமி கன்னிமேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூறை நெருங்குகிறவர். சின்னாயியின் கூடப் பிறந்த அண்ணனுடைய மகன். அந்தக் குடும்பத்தில் பூசை அவருடையது, பேச்சும் அவருடையது. வித்யா தரையில் உட்கார்ந்து, கல்லை எப்போது நட்டார்கள் என்று கேட்டாள். மறைப்பார் என்று நினைத்தாள். அவர் ஏதோ பழைய வரப்புத் தகராற்றைச் சொல்வதுபோல் சாவகாசமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஓடிப்போன வருஷம் யாரும் கல் நடவில்லையாம். திரும்பி வருவாள் என்று அடுத்த வருஷத் தேர்வரைக்கும் பார்த்தார்களாம். அந்தத் தேருக்கு அவள் நடித்த படமே கூடாரத்தில் வந்தது. மயில்சாமியின் அப்பா, சின்னாயியின் அண்ணன், போய்ப் பார்த்தார். காற்சட்டை போட்டுக்கொண்டு குதிரைமேல் தங்கை வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மறுநாளே கல்லை நட்டாராம்.

"அவங்க திரும்பி வரவே இல்லீங்களா பெரியப்பா?"

"வந்தா. பட்டணத்துல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு சனமெல்லாம் ஓடியாந்துச்சே, அந்த வருசம். நான் சின்னப் பையன். அன்னைக்கும் ஆடி நோம்பிதான். பொங்கல் பொங்கிட்டிருக்குது, ஒரு டிரங்குப் பொட்டியோட வந்து இந்த மேட்டுலதான் நின்னா. கல்லு, சேலை, எல்லாத்தையும் பாத்துட்டு, இது ஆருக்குன்னு கேட்டா. எங்கய்யன், உனக்குத்தான், நீ சாமியாயிட்டே, இனி ஊட்டுக்குள்ள வரப்படாதுன்னுட்டாரு. தண்ணி கேட்டா. செத்தவளுக்கு ஏது தண்ணீன்னுட்டாரு. சிரிச்சா பாரு அம்மிணி, அப்படிச் சிரிச்சா. சிரிச்சுட்டே போயிட்டா."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

மயில்சாமி எழுந்திருக்காமலே பக்கவாட்டில் குனிந்து எச்சில் துப்பினார். "என்ன தோணோணும்? ஊட்டுல இருந்திருந்தா அவளுக்கு மூலையில கஞ்சிதான் கெடச்சிருக்கும். சாமியா இருக்கப் போயித்தான் வருசத்துக்கு ஒரு சேலை, நெய்ப்பொங்கலு. நாங்க ஒண்ணும் கொறை வெக்கலியே."

அவருடைய வேட்டியில் தெறித்திருந்த வெற்றிலைச் சாற்றைப் பார்த்துக்கொண்டே வித்யா எழுந்தாள். சின்ன வயசில் அந்த மடியில் உட்கார்ந்து கன்னி கதை கேட்டவள் அவள். இப்போது அந்த வேட்டி மேலே பட்டுவிடக்கூடாதென்று உடம்பு தானாகவே ஒதுங்கியது.

உச்சி வெயிலுக்கு முன் பூக் கேட்டார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து, ஒன்றுபோல நார் கட்டி, கல்லுக்கு முன்னால் போட்டுக் கலைத்தார்கள். வெள்ளை வந்தால் கன்னி சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பங்காளி வீட்டுக் குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. மயில்சாமி பிரித்தார்.

வெள்ளை.

கிருத்திகாவின் அம்மா பிரவீனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதிர்வேல் சிரித்தபடி, குழந்தை கை கழுவாமல் எடுத்துவிட்டதாகச் சொன்னான். கை கழுவிவிட்டு மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வெள்ளை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மயில்சாமி கண்ணை மூடி யோசித்துவிட்டு, ஆத்தா இன்னும் இறங்கி வரவில்லை, இதெல்லாம் கணக்கில் சேராது என்றார். கற்பூரம் ஏற்றினார்கள், தீர்த்தம் தெளித்தார்கள், மூன்றாம் தடவை போட்டார்கள். சிவப்பு வந்தது.

"ஆத்தா இப்பத்தான் எறங்கியிருக்கா" என்றார் மயில்சாமி. எல்லோரும் கும்பிட்டார்கள். முதல் இரண்டு பூவையும் கதிர்வேல் காலால் ஓரமாகத் தள்ளினதை வித்யா பார்த்தாள். இவர்களோடு ஒரே பந்தலில் நின்று ஒரே காற்றை இழுத்துக்கொண்டிருப்பதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

கிருத்திகா அழவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்து நின்றாள்.

"சேலையச் சாத்து அம்மிணி, நேரமாவுது" என்று கதிர்வேல் தாம்பாளத்தை வித்யாவிடம் நீட்டினான்.

வித்யா கையை நீட்டவில்லை. "நான் சாத்தலீங்கண்ணா."

கதிர்வேலின் சிரிப்பு அப்படியே நின்றது. வித்யா கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.  இந்தக் கல்லும் ரோட்டில் ஃபிளெக்ஸில் இருக்கிற நடிகையும் ஒருத்திதான் என்றாள். காய்ச்சலும் இல்லை, சாவும் இல்லை, படத்தில் நடித்தாள் என்பதற்காகவே கல்லை நட்டார்கள் என்றாள். "உசுரோட வந்து நின்னவளுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்காத ஊடு இது. அந்தக் கல்லுக்குச் சேலை சாத்த எனக்குக் கை கூசுதுங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதிர்வேல் அதற்குள் சிரிப்பைத் திரும்பப் பிடித்துவிட்டான். வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் தங்கைக்குத் தலை சுற்றுகிறது, யாராவது மோர் கொடுங்கள் என்றான். ஒரு பெண் ஓடிப்போய் மோரும் கொண்டுவந்தாள். தாம்பாளத்தை அவன் மனைவி பக்கம் திருப்பினான்.

பிரவீனா காலையிலிருந்து அடுப்படியை விட்டு வராதவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் எதிர்த்துச் சொல்லவில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, நான் இந்த ஊட்டுல பொறந்தவ இல்லீங்களே. நான் சாத்துனா ஆத்தா ஏத்துக்க மாட்டாளுங்க" என்று அத்தனை மரியாதையாகச் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

பங்காளிகள் தலையாட்டினார்கள். முறை அதுதான். வீட்டில் பிறந்த பெண்தான் சாத்த வேண்டும், சாத்தாமல் பூசை முடியாது, பூசை முடியாமல் யாரும் சாப்பிட முடியாது. அந்த வீட்டில் பிறந்து அங்கே நிற்கிற இன்னொரு பெண் யார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கதிர்வேலுக்கும் தெரிந்தது.

"கிருத்தி, வா சாமி" என்றான். குரலில் வெல்லப்பாகு. "நீ சாத்து கண்ணு. அப்பன் உனக்கு இங்கயே ஸ்டுடியோ வெச்சுத் தாரேன்."

கிருத்திகா வந்தாள். தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்து மடிப்பைப் பிரித்தாள்.  வேண்டாம் சாமி என்று சொல்ல வித்யா வாயெடுத்தாள். கிருத்திகா அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"சாத்தறேனுங்கப்பா. சாத்திப்போட்டு நான் சென்னைக்குப் போறேன். நீங்க தேடி வர வேண்டாம். கிருத்திகா காய்ச்சல்ல செத்துட்டான்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லீருங்க. இவங்களுக்குப் பக்கத்துலயே எனக்கும் ஒரு கல்லு நட்டுக்குங்க. உங்களுக்கு ஒண்ணும் புதுசில்லீங்களே."

பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். 

வித்யா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கையை ஓங்குவான் என்று பார்த்தாள். இல்லை, உடைந்து அழுவான், எத்தனையானாலும் பெற்றவன் என்று பார்த்தாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. அவன் பார்வை மகளின் முகத்தை விட்டு மெல்ல இறங்கி, கல்லுக்கு வலப்பக்கம் காலியாகக் கிடந்த கிரானைட் தரைக்குப் போயிற்று. அங்கிருந்து சுவர் வரைக்கும் போய், திரும்பக் கல்லுக்கு வந்தது. அந்த இடம் போதுமா என்று அவன் அளந்துகொண்டிருந்தான்.